ப்ளூம்: புகைத்தோகையா, வளித்தோகையா?

மும்பை செம்பூரில் உயரமான மாடியில் குடியிருக்கும் நம்மவர்களிடம் கேட்டால், மாகுல் பக்கம் இரவில் தெரியும் நெருப்பை ‘ரிஃபைனரி நெருப்பு’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘சிம்னி’ என்பார்கள். அங்கே 1950-களிலிருந்து இரண்டு எண்ணெய் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் பெயரில் குறையில்லை. சிம்னிதான் தவறு. சிம்னியில் எரிவதெல்லாம் கீழே உலையிலேயே முடிந்து, புகை மட்டும் மேலே போகும். மாகுலில் தெரிவதோ ‘ஃபிளேர்’. அதில் ஆலையின் மிச்ச வாயு எரியாமலே மேலேறி, குழாயின் உச்சியில், திறந்த வெளியில் எரியும். இதற்கும், இதிலிருந்து கிளம்பும் ‘ப்ளூமு’க்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

வெளியேறும் வாயுக்களை அளப்பவர்களுக்குத் தலைவலியே இந்தத் திறந்த நெருப்புதான். சிம்னியின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தால் போதும், குழாயைச் செருகிப் புகையைப் பிடித்துவிடலாம். ஃபிளேரிலோ நெருப்புக்கு மேலே குழாயே கிடையாது. தள்ளி நின்று ஒளியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

‘ஃபிளேர்’ என்ற ஆங்கிலச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் தலைமுடி பரந்து விரிவதைக் குறித்தது. சுடர்விடும் நெருப்புக்குப் பிறகுதான் வந்தது. தமிழில் சூரியனில் வெடிப்பதற்குப் ‘பிழம்பு’ சரி, ஆலைக்கு அது கொஞ்சம் பெரிய சொல். ‘எரிவளிச் சுடர்’ போதும். அதைத் தாங்கும் குழாயைச் ‘சுடர்த்தூண்’ எனலாம்.

சுடரிலிருந்து காற்றோடு நீண்டு போகும் வாயுத்திரள்தான் ‘ப்ளூம்’. வேர் இலத்தீனின் ‘ப்ளூமா’, அதாவது இறகு. நம்மிடம் மயிலுக்கும் கரும்புக்கும் தோகை இருக்கிறதே, அதுவே இங்கும் பொருந்தும். ‘புகைத்தோகை’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏன் என்றால், புகை தெரியாமல் இருக்கத்தான் சுடரின் முனையில் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி காற்றை இழுத்துக் கலக்கும், கரி குறையும், சுடர் சுத்தமாகத் தெரியும். அளவு மீறினால் அதே நீராவி சுடரைக் குளிர்வித்துவிடும். அப்போது பாதி எரிந்ததும் எரியாததுமாக ஹைட்ரோகார்பன்கள் நழுவிப் போகும், பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கரும்புகை இல்லை என்பதாலேயே நன்றாக எரிகிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால் என் ஓட்டு ‘வளித்தோகை’க்குத்தான்.

கண்ணுக்குத் தெரியாததை ஒளி காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டும் உட்கவரும். மீத்தேனுக்கு 3.3 மைக்ரோமீட்டர் அருகில், கார்பன் டை ஆக்சைடுக்கு 4.3, கார்பன் மோனாக்சைடுக்கு 4.7. இவையெல்லாம் அகச்சிவப்பு. கந்தக டை ஆக்சைடைப் புற ஊதாவில், 300 நானோமீட்டரை ஒட்டித் தேடுவார்கள். தோகை சூடாக இருந்தால் அதுவே வெளியிடும் அகச்சிவப்பை வாங்கிக்கொள்ளலாம், விளக்கு வேண்டாம். மூன்று கார்பன் வாயுக்களின் விகிதம் கிடைத்தால் எரிதிறன், அதாவது வாயுவில் எத்தனை பங்கு முழுதாக எரிந்தது என்பது, தெரிந்துவிடும்.

இந்தக் கலைக்குப் பெயர் ‘ஸ்பெக்ட்ராஸ்கோபி’. ‘ஸ்பெக்ட்ரம்’ இலத்தீனில் தோற்றம். ஆவி உருவத்துக்கும் அதே சொல்தான். நியூட்டன் 1672-இல் அதை வண்ணப் பட்டைக்குச் சூட்டினார். நம் பாடநூல்களில் ‘நிறமாலை’. அகச்சிவப்புக்கு ஏது நிறம் என்று கேட்டு ‘அலைமாலை’ என்போரும் உண்டு. கேள்வி நியாயம்தான், ஆனால் நிறமாலை நிலைத்துவிட்டது. நிறமாலையியல், நிறமாலைமானி என்று குடும்பமே வளர்ந்துவிட்டது. தொலைவிலிருந்து நெருப்பைப் படிப்பதும் புதிதல்ல. 1859 வாக்கில் இத்துறைக்கு அடித்தளமிட்ட புன்செனும் கிர்க்காஃபும், ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் இருந்தபடியே பக்கத்து ஊரான மான்ஹைமில் எரிந்த தீயில் பேரியம், ஸ்ட்ரான்சியம் என்ற தனிமங்கள் இருப்பதைக் கண்டதாகச் சொல்வார்கள்.

சரி, எவ்வளவு வெளியேறுகிறது? தோகையின் குறுக்கே வாயுவின் அளவைக் கூட்டி, காற்றின் வேகத்தால் பெருக்கினால் ‘உமிழ்வு வீதம்’. இதற்குச் சூரியனையே விளக்காகக் கொண்டு, வண்டியில் கருவியோடு தோகைக்கு அடியில் குறுக்காக ஓட்டிப்போகும் முறையும் இருக்கிறது. மும்பை மழைக்காலத்தில் அந்த வண்டி பெரும்பாலும் ஷெட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

எரிதிறனை 98 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே வழக்கம். 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எண்ணெய் வயல்களின் தோகைகளுக்குள் விமானம் ஓட்டி அளந்தார்கள். அணைந்து கிடந்த தூண்களையும் சேர்த்துப் பார்த்தால், மீத்தேனில் சுமார் 91 சதவீதம்தான் அழிந்திருந்தது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். அந்த ஏழு சதவீத வித்தியாசம் சின்னக் கணக்கல்ல.