பரணில் பட்டுப்புழு, தரைக்கடியில் வெடியுப்பு

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், ஷோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷிரகாவா-கோ. 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஊர். பனி மூடிய அதன் கூரைகளைப் படம் எடுக்காதவர் இல்லை. எனக்கென்னவோ அந்தக் கூரைக்குக் கீழே நடந்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது.

குளிர்காலத்தில் அங்கே ஆள் உயரத்துக்கும் மேல் பனி கொட்டும். அதனால் கைகூப்பியது போலச் செங்குத்தாக, ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் புல்லால் கூரை வேய்கிறார்கள். பனி அதிகம் தங்காது, மழைநீர் புல்லுக்குள் இறங்குவதற்குள் வழிந்தோடிவிடும். கைமரங்களின் அடியைக் கூராகச் செதுக்கி, உத்திரத்தில் தோண்டிய குழியில் நிறுத்துகிறார்கள். கூரைச் சட்டத்தில் ஆணியே கிடையாது. கயிறும், பச்சையாக முறுக்கிய இளங்கொம்புகளும்தான் கட்டு. கொம்பு காயக் காய முடிச்சு இறுகும். காற்று தள்ளினால் கூரை சற்றே அசைந்து கொடுக்கும், முறியாது.

முப்பது, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை புல்லை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா? ஊரே ஏறி வேய்ந்து தரும். இன்று உன் வீடு, நாளை என் வீடு. இந்த முறைக்கு ‘யுய்’ என்று பெயர்.

நடுக்கூடத்துக் கணப்புக்குப் புகைபோக்கி இல்லை. பரணின் இடைவெளிகள் வழியே மேலேறும் புகை, புல்லையும் கயிற்றையும் உலர்த்திப் பூச்சியை விரட்டுகிறது. குடியில்லாமல் காட்சிக்கு வைத்த வீடுகளிலும் கூரைக்காகவே கணப்பு மூட்டுவதுண்டு.

அந்தச் சூட்டில்தான் பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள். புழுவின் எச்சமும் வீணாகவில்லை. கணப்பருகே தரைக்கடியில் குழி வெட்டி, மண், எச்சம், காட்டுப்புல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டார்கள். எச்சம் மக்கும்போது எழும் அம்மோனியாவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். குளிரில் அவை சோம்பிப்போகும். கணப்பின் சூடு அவற்றைப் பனிக்காலத்திலும் வேலை வாங்கியது. நாலைந்து ஆண்டு கழித்து மண்ணை நீரில் ஊறவைத்து வடித்து, மரச்சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு படியும். சாம்பலின் பொட்டாசியம், மண்ணிலிருந்து வந்த நைட்ரேட்டோடு சேர்வதுதான் சூட்சுமம். துப்பாக்கிக்கு இடும் கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுவே.

பக்கத்துக் கொகாயமாவிலும் இதே தொழில்தான். அங்கே காய்ச்சியது ஜப்பானின் காகா சிற்றரசை ஆண்ட மயேதா பிரபுக்களுக்குப் போனது. மலைக்குள் ஒதுங்கிய ஊர் என்பதால் ரகசியமும் காப்பாற்றப்பட்டது. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) சிலி நாட்டு நைட்ரேட் மலிவாக வந்து இறங்கியதும் தொழில் படுத்துவிட்டது.