சிவப்பு நாடா: ஒரு மரபுத்தொடரின் முடிச்சு

ஆங்கிலத்தில் 'ரெட்' என்றால் சிவப்பு, 'டேப்' என்றால் நாடா என்று அறிந்த ஒருவருக்கு, 'ரெட் டேப்' என்பதன் பொருள் அதனாலேயே விளங்கிவிடாது. ஒரு காரியம் நிறைவேறுவதற்கு முன் கடந்தாக வேண்டிய, தேவைக்கு மிஞ்சிய விதிகள், படிவங்கள், ஒப்பங்கள், அவற்றால் விளையும் காலத்தாழ்ச்சி ஆகிய அனைத்தையும் சேர்த்து அந்தத் தொடர் குறிக்கிறது. உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தாலும் கிட்டாத வேறொரு பொருளை முழுத்தொடரும் சேர்ந்து தருமானால் அதை மரபுத்தொடர் என்கிறோம். 'கம்பி நீட்டினான்' என்பதில் கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்பவர் விழிப்பார். 'சிவப்பு நாடா' என்று நாம் எழுதும்போது நேர்வதும் ஏறத்தாழ அதுதான். நாளேடுகள் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுதியதால் நாம் விழிப்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவே.

இந்த நாடா முதலில் உண்மையான நாடாவாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் அரசு ஆவணங்களையும் வழக்கறிஞர்களின் தாள்களையும் சுருட்டியோ மடித்தோ கட்டிவைக்கப் பயன்பட்ட பருத்தி நாடா அது. பெயர் சிவப்பு என்றாலும் நிறம் இளஞ்சிவப்பை ஒட்டியது. இன்றும் அந்நாட்டு வழக்கறிஞர்கள் தங்களிடம் வரும் வழக்குக் கட்டுகளை இளஞ்சிவப்பு நாடாவால் கட்டும் பழக்கத்தை விடவில்லை. எட்டாம் ஹென்றியின் திருமணத்தை முறிக்குமாறு இங்கிலாந்துப் பிரபுக்கள் 1530-இல் போப் ஏழாம் கிளமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், சுமார் 80 முத்திரைகள் சிவப்பு நாடாவில் தொங்குகின்றன. தொடரின் பிறப்பே அங்குதான் என்று சொல்வாரும் உண்டு. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் உருவகப் பொருளில் அத்தொடர் தலைகாட்டுவது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்தே என்பதால், நான் அதை நம்பத் தயங்குகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் ஆவணங்களைச் சிவப்பு நாடாவால் கட்டியதிலிருந்து பிறந்தது என்னும் இன்னொரு கதை, காலக் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது.

நாடா வசைச்சொல்லாக மாறியதற்கான தடயம் 1736-இல் ஹார்வி பிரபு எழுதிய செய்யுளில் இருக்கிறது. அதில் ஓர் அரசியலாளர் அவைக்குச் சிவப்பு நாடாவையும் ஞானத்தையும் ஒருசேரக் கொண்டுவருவதாகக் கேலி வருகிறது. அத்தொடரை எல்லோர் வாயிலும் புகவைத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய தாமஸ் கார்லைலும் சார்லஸ் டிக்கன்சும். நாடாளுமன்றச் செய்தியாளராக வேலை பார்த்த டிக்கன்ஸ், 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவையே, சமையலுக்குக் கட்டிய கோழி போல, அலுவலகப் பேனாக்களால் குத்தி, சிவப்பு நாடாவால் கையும் காலும் பிணைத்துக் காட்டினார். ஆவணத்தைக் கட்டவேண்டிய நாடா ஆளைக் கட்டத் தொடங்கியது இப்படித்தான். 'ரெட் டேப்பிசம்' என்று வால் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் அந்நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்ததுதான். இன்று அது இந்திய ஆங்கிலத்தில்தான் மிகுதியாகக் காதில் விழுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். 'நாடா' என்பதே இந்தி, உருது வழியாக நம்மிடம் வந்த சொல். தறியில் ஊடையிழையோடு குறுக்கே ஓடும் கருவிக்கும் நாடா என்றே பெயர் வழங்குகிறது. பாவாடை நாடா, நாடாப்புழு, ஒலிநாடா என்று வீட்டுக்குள் நன்றாகக் குடியேறிவிட்ட சொல் ஆதலால் அதை வெளியேற்ற வேண்டியதில்லை. சிக்கல் அதில் இல்லை, படிமத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டில் சிவப்புத் துணியும் சிவப்பு நூலும் மங்கலத்தோடு சேர்ந்தவை. 2019-இல் நிர்மலா சீதாராமன் தோல்பெட்டியைக் கைவிட்டு, நிதிநிலை அறிக்கையைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கட்டி எடுத்து வந்தபோது, அதைப் பார்த்த யாருக்கும் தாமதம் நினைவுக்கு வந்திருக்காது. 'செந்நாடா' என்று தூய்மைப்படுத்தி எழுதினாலோ, ஏதோ கட்சி ஊர்வலத்துக்குத் தயாராவது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. 'சிவப்பு நாடாவை வெட்டித் தொழில் தொடங்க வழிவகுத்தது அரசு' என்று ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். நம் கண்முன் எழுவது திறப்பு விழா. கத்தரிக்கோல் வைத்த தட்டு, ரிப்பன், புகைப்படக்காரர் எல்லாம் வந்துவிடுகின்றன. தடை நீங்கியது என்ற பொருள் மட்டும் வருவதில்லை.

ஆவணத்தைக் கயிற்றால் கட்டும் பழக்கம் நமக்குப் புதிதா என்றால், இல்லை. ஓலைச்சுவடியில் துளையிட்டுக் கயிறு கோத்து, அக்கயிற்றின் நுனியில் கிளிமூக்கு என்னும் ஓலைத்துண்டைப் பிணைத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துச் சுற்றிக் கட்டியவர்கள் நாம். 'கோப்பு' என்னும் சொல்லின் அடியும் 'கோ' என்னும் வினைதான். பூக்கோத்தல், மணிகோத்தல் என்பவற்றில் உள்ள அதே கோத்தல். ஆங்கிலத்தின் 'ஃபைல்' என்ற சொல்லும், நூல் என்று பொருள்படும் லத்தீன் 'ஃபீலும்' என்பதிலிருந்து வந்ததே. தாள்களை நூலில் கோத்து வைத்ததால் ஏற்பட்ட பெயர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இவ்வளவு அழகாகப் பொருந்துவதைக் காணும்போது, கலைச்சொல் ஆக்கியவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது. ஆயினும் தமிழில் அந்தக் கயிறு வசையாகவில்லை. 'கட்டுக்கோப்பு' என்பது இன்றும் பாராட்டுச் சொல்தான்.

அப்படியானால் தமிழில் எதைச் சொல்வது? முதலில் நாவில் வருவது 'இழுத்தடிப்பு'. உயிருள்ள சொல், ஆனால் பொருள் சற்று விலகுகிறது. வாரிசுச் சான்றிதழுக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும், அதன் பிறகே வட்டாட்சியர் வழங்குவார். ஒவ்வொருவரும் தம் கடமையை ஒழுங்காகச் செய்தும், ஏற்கெனவே கொடுத்த சான்றையே மறுபடி கேட்கும்படி விதி இருப்பதால் நாள் கடந்தால் அது ரெட் டேப். விதிப்படி எல்லாம் முடிந்தும், 'நாளைக்கு வாங்க' என்று ஒருவர் வேண்டுமென்றே அலையவிட்டால் அது இழுத்தடிப்பு. 'கிடப்பில் போடுதல்' இன்னும் வேறு. அங்கே கோப்பு நகர்வதே இல்லை. ராஜாஜி சாடிய 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்பதையும் இதனோடு குழப்பக் கூடாது. எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்னும் கொள்கை அது. அனுமதி கேட்ட பிறகு படும் பாடுதான் ரெட் டேப். மக்களுக்கு இரண்டும் ஒன்றாகவே வலித்திருக்கும் என்பது வேறு செய்தி.

என் தேர்வு 'விதிமுறைக் கெடுபிடி'. தடுப்பது ஆளல்ல, விதி என்பதை முதற்சொல் காட்டுகிறது. அதன் இறுக்கத்தை இரண்டாம் சொல் காட்டுகிறது. 'கெடுபிடி' இத்தகைய பணிக்குப் புதிதும் அன்று. ஆங்கிலத்தின் 'கோல்ட் வார்' என்பதைக் குளிரைப் பிடித்துக்கொண்டு 'பனிப்போர்' என்று பெயர்த்தவர்கள் இருந்ததுபோலவே, உட்பொருளைப் பிடித்துக் 'கெடுபிடிப் போர்' என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். வினையாக வரும் இடங்களில் நாடாவை வெட்ட வேண்டாம், கெடுபிடியைத் தளர்த்தினால் போதும். டிக்கன்சின் கோழியைத் தமிழாக்குபவருக்கு மட்டும் இது உதவாது. அங்கே நாடா கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும், கெடுபிடியால் ஒரு கோழியின் காலைக் கட்ட முடியாது.