பனியைத் தாங்கும் ஜெரேனியம் கொழும்பில் ஏன் அழுகுகிறது?

"தம்பி, கனடாவில பனிக்கு அடியில கிடந்தும் சாகாதாம். இங்க ஒரு மாசத்தில ஏன் இப்பிடிப் போச்சுது?"

வெள்ளவத்தையில் ஒரு அம்மா பூச்சட்டியை என்னிடம் நீட்டினார். மகள் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஜெரேனியம். சட்டியைக் கவிழ்த்தேன். வேரும் தண்டும் சேருமிடம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி விரலில் நசிந்தது, புளித்த வாடை. அவர் நாள் தவறாமல் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டிருக்கிறார். பிழை அவருடையது இல்லை.

பைக்கற்றில் 'ஹார்டி' என்று போட்டிருப்பது குளிரைத் தாங்கும் என்பதற்குத்தான். வெக்கையைத் தாங்கும் என்பதற்கு அல்ல. இந்தப் பல்லாண்டுச் செடி பனிக்காலத்தில் இலைகளைக் கைவிட்டு, மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும். கொழும்பில் அந்த உறக்கம் ஏது? இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. பகலில் இலை சேர்த்த உணவைச் செடியின் சுவாசமே இரவில் தின்றுவிடும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், சூடான ஈர மண்ணில் வேரழுகல் நிச்சயம். 2013இல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியில் நூற்றாண்டின் செடியாகத் தெரிவான 'ரொசான்' என்ற ஜெரேனியம் வகையையும் இங்கே நடச் சொல்லமாட்டேன். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வீடிருந்தால் முயன்று பாருங்கள்.

இங்கே ஜெரேனியம் என்று விற்பது பெரும்பாலும் அதன் உறவுச் செடியான பெலார்கோனியம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பிரித்தார். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பூவை உற்றுப் பாருங்கள்: ஜெரேனியத்தில் ஐந்து இதழும் ஒன்றுபோல இருக்கும்; பெலார்கோனியத்தில் பெரும்பாலும் மேலிரண்டும் கீழ்மூன்றும் வேறுபடும். பெலார்கோனியத்தை மழை படாத விறாந்தையில், காலை வெயிலில், தும்புத்தூளும் மணலும் கலந்த மண்சட்டியில் வளர்க்கலாம். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

நிலத்தை மூடிப் பூக்க ஏதாவது வேண்டுமென்றால் பட்டிப்பூ வையுங்கள், வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பெரிதில்லை. மஞ்சள் வெடேலியா மட்டும் வேண்டாம். ஆக்கிரமிப்புச் செடி, பக்கத்து வளவையும் பிடித்துவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவர முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். வேரோடு ஒட்டிய ஒரு பிடி மண்ணில் நம் பயிர்கள் அறியாத நோயும் புழுவும் வரலாம். கட்டுநாயக்காவில் தேசிய தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சேவை இருக்கிறது. பெட்டி கட்டுவதற்கு முன்பே அங்கே விசாரியுங்கள். அந்த அம்மாவுக்கு இது தெரியாது. மகளுக்கும் யாரும் சொல்லவில்லை.