வன்புணர்வு: மிகுபுனைவு எழுதுவோருக்கு ஒரு சொல் விளக்கம்

வன்புணர்வு, பெயர்ச்சொல். ஒருவருடைய இசைவு இல்லாமலோ, இசைவு தரும் நிலையில் அவர் இல்லாதபோதோ அவர்மீது வலிந்து நிகழ்த்தப்படும் பாலுறவுச் செயல். வன்மை, புணர்வு என்னும் இரு சொற்களின் சேர்க்கை. வன்புணர்ச்சி, பாலியல் வல்லுறவு என்பன இதே பொருளில் வழங்கும் வேறு வடிவங்கள். கற்பழிப்பு, பலாத்காரம், மானபங்கம், கெடுத்தல் ஆகியவை நாளிதழ்களிலும் பேச்சிலும் நெடுங்காலம் புழங்கிவந்தவை.

சேலத்திலிருந்து மிகுபுனைவு, அதாவது மாய உலகக் கதை (ஃபேன்டசி), எழுத முனைகிறவருக்குக் களத்துக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டின் உச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் உறையும் குகைக்கோயில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறிய கதையை மலையாளிப் பழங்குடியினர் சொல்லிவருகிறார்கள். தெற்கே கொல்லிமலையில், பார்த்தவர் உயிரைப் பறிக்கும் பாவை நிற்கிறாள். இவற்றைக் கொண்டு அரக்கர்களையும் மந்திரவாதிகளையும் நாடோடிப் படைகளையும் படைக்கும் எழுத்தாளர், படையெடுப்பு நிகழும் அத்தியாயத்துக்கு வந்ததும் ஒரு வரியைக் கை தயங்காமல் எழுதிவிடுகிறார்: 'ஊரிலிருந்த பெண்கள் கற்பழிக்கப்பட்டனர்.' இந்தச் சொல்விளக்கம் அந்த ஒரு வரியைப் பற்றியது.

கற்பு என்னும் சொல் 'கல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. கல்வி என்ற பொருளும் அதற்கு உண்டு. தொல்காப்பியத்தில் கற்பு என்பது களவுக்கு, அதாவது மணத்துக்கு முந்தைய மறைமுகக் காதலுக்கு, அடுத்த நிலை. சடங்கோடு கூடிய மணவாழ்க்கை. 'கற்பெனப் படுவது கரணமொடு புணர' என்று தொடங்கும் நூற்பா, கொடுப்பதற்கு உரியவர் கொடுக்கத் தலைவன் தலைவியைக் கொள்வதையே கற்பு என்கிறது. பின்னாளில் அச்சொல் சுருங்கிச் சுருங்கிப் பெண்ணின் உடலில் வைத்துக் காக்கப்படும் ஒரு பொருளைக் குறிப்பதாயிற்று. அந்தச் சுருங்கிய பொருளின்மேல் எழுந்ததுதான் கற்பழிப்பு. இச்சொல்லின்படி அழிந்தது கற்பு. நொந்த உடலுக்கும் கலங்கிய மனத்துக்கும் அதில் இடமே இல்லை. ஆங்கிலத்தின் 'ரேப்' என்பதும் இவ்வகையில் மேலானதன்று. பறித்தல், கவர்ந்துசெல்லுதல் என்னும் பொருளுடைய 'ரபேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல், தொடக்கத்தில் ஒருவன் வீட்டுப் பெண்ணை இன்னொருவன் தூக்கிச்செல்வதையே குறித்தது. இரண்டு மொழியிலும் இழப்பு வேறு யாருடைய கணக்கிலோ எழுதப்பட்டிருக்கிறது.

கதைப்போக்கும் சொல்லின் வழியிலேயே போய்விடுகிறது. கற்பு அழிந்துவிட்டது என்று எழுதியபின் அந்தப் பாத்திரத்துக்கு மிச்சம் இருப்பவை இரண்டே வழிகள்: ஒன்று சாவு, மற்றொன்று குற்றவாளியையே கட்டிவைக்கும் பஞ்சாயத்து. பழைய திரைப்படங்கள் இவ்விரண்டையும் தேயும்வரை பயன்படுத்தின. உண்மைக் காலத்தைக் களமாகக் கொண்டவராவது அக்காலச் சமூகம் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மலையையும் தெய்வத்தையும் அரசமுறையையும் தானே படைக்கும் மிகுபுனைவு எழுத்தாளருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பறக்கும் யானைக்கு இடம் இருக்கும் உலகில், பிழைத்து வாழும் பெண்ணுக்கு மட்டும் இடம் இல்லாமல் போவது அவர் எடுத்த முடிவுதான்.

வன்புணர்வு என்ற சொல்லுக்கும் மறுப்பு உண்டு. புணர்வு என்றால் கூடுதல், இணைதல். வன்முறையை இணைதல் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புணர் என்னும் வினை காமத்துக்கு மட்டும் உரியதன்று. எழுத்தும் எழுத்தும் சேர்வதையும் இலக்கணம் புணர்ச்சி என்றே சொல்கிறது. கொல்லிப்பாவையைப் பாடும் நற்றிணைச் செய்யுள் 'பூதம் புணர்த்த புதிதியல் பாவை' என்கிறது. அங்கே புணர்த்தல் என்பது செய்தல், இயற்றுதல். செயலை மட்டும் சொல்லும் அவ்வினையின் முன் 'வன்' என்பது நின்று, அச்செயலின் தன்மையைக் காட்டிவிடுகிறது. வல்லுறவு என்பதில் உள்ள 'உறவு' இதைவிடக் கூடுதலாக இடறுகிறது என்பது என் எண்ணம். பாலியல் வன்முறை என்பது தொடுதல் முதல் கொலைவரை பலவற்றையும் அடக்கும் பொதுச்சொல். ஒரு குறிப்பிட்ட குற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் அது மழுப்பலாகிவிடும். பாலியல் வன்கொடுமை இன்று நாளிதழ்களில் நிலைத்துவிட்டது. பலாத்காரம் வடசொல்லாயினும் வலிந்து செய்தல் என்றே பொருள்படுவதால், கற்பழிப்பைவிட நேர்மையான சொல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வன்புணர்வு என்பது நவீனமாக ஒலிக்கிறது, பழந்தமிழ்க் களத்துக்கு ஒட்டாது என்று சொல்வோர் தொல்காப்பியத்தில் பெருந்திணையை, அதாவது பொருந்தாக் காமத்தை, வகுக்கும் நூற்பாவைப் பார்க்கலாம். பெருந்திணைக்கு உரியனவாக அது கூறும் நான்கனுள் கடைசியானது 'மிக்க காமத்து மிடல்'. மிடல் என்றால் வலிமை. ஆக, இசைவற்ற வலிமையைத் தனியே பிரித்துக் காண நம் மரபு அறிந்தே இருந்தது. உரையாசிரியர்கள் இதனோடு வடநூல் கூறும் எண்வகை மணங்களை ஒப்பிடுவர். அவற்றுள் பெண்ணை வலிந்து கவர்வதற்கு இராக்கதம் என்றும், துயின்றவளையும் மதுவுண்டு மயங்கியவளையும் சேர்வதற்குப் பைசாசம் என்றும் பெயர். குற்றத்தை மணம் என்று சொன்னது ஒருபுறம் இருக்க, அதைச் செய்பவனை அரக்கன், பேய் என்று ஊருக்கு வெளியே தள்ளிவிட்டதும் கவனிக்கத்தக்கது. வன்புணர்வை அரக்கர் குலத்தின் தலையிலேயே கட்டிவிட்டு, நாயகனின் படையையும் அரண்மனையையும் குடும்பத்தையும் தூய்மையாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்றைய மிகுபுனைவிலும் தொடர்கிறது.

மந்திரமும் வேற்றுருவும் வரும் கதைகளில் இசைவு என்னும் கருத்து இன்னும் நுட்பமாகிறது. வசிய மருந்து கொடுத்து அடைந்த காதலி, உருமாறி வந்தவனைக் கணவன் என்று நம்பியவள், நினைவு அழிக்கப்பட்டவள் ஆகியோரை எழுத்தாளர்கள் பெரும்பாலும் வேடிக்கையாகவோ காதலாகவோ எழுதிவிடுகிறார்கள். சட்டம் இதில் நம் கற்பனையை முந்திவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், தன் கணவன் என்று நம்பி ஒரு பெண் தரும் இசைவையும், மயக்கப்பொருளின் பிடியில், நிகழ்வதன் இயல்பை உணர முடியாத நிலையில் தரும் இசைவையும் இசைவாகக் கொள்வதில்லை. கௌதமன் உருவில் அகலிகையிடம் வந்த இந்திரன், அவள் அவனை அடையாளம் காணாத வடிவில் கதையைச் சொன்னால், இன்றைய சட்டப்படி இப்பிரிவுக்குள் வருவான். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றையே இசைவாகக் கொள்ளக் கூடாது என்பதும் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாக்கப்பட்டது. எனினும் சட்டத்தின் சொல் குறுகியது: குற்றவாளி ஆண், பாதிக்கப்பட்டவர் பெண் என்றே அது வரையறுக்கிறது, வயதுவந்த மனைவியிடம் கணவன் செய்வதற்கு விலக்கும் அளிக்கிறது. வன்புணர்வு என்ற சொல்லுக்குள் ஆணோ பெண்ணோ மணமோ இல்லாததால், சட்டம் எட்டாத இடத்துக்கும் எழுத்தாளர் அதைக் கொண்டுபோகலாம்.

மலைமக்களைக் களமாக்குகிறவர் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்து வாச்சாத்தியை அறியாமல் எழுதக் கூடாது. 1965இல் பிரியும்வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதிதான். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வாழ்வோரும் சேர்வராயன் மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர்தாம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் வன்புணரப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டனர்; அவர்களில் 17 பேர்மீது வன்புணர்வுக் குற்றம் உறுதியானது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அங்கே வந்தவர்கள் அரக்கர்கள் அல்லர், அரசு ஊழியர்கள். அந்தப் பெண்களின் கதையும் அந்த நாளோடு முடியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் சாட்சிகளாக நின்று வழக்கை நடத்தியது அதன் பெரும்பகுதி. சமவெளி நாயகன் வாளெடுப்பதற்குக் காரணமாக மட்டும் மலைப்பெண்ணின் துயரத்தைப் பயன்படுத்தும் அத்தியாயம் எவ்வளவு மெலிந்தது என்பது இதன் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

அப்படியானால் கற்பழிப்பு, கெடுத்தல் என்னும் சொற்களைக் கதையிலிருந்தே விலக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பாத்திரங்கள் தங்கள் ஊரின் மொழியைத்தான் பேசுவார்கள். 'எம்புள்ளையக் கெடுத்துப்புட்டானுங்க' என்று ஒரு கிழவி கதறினால் அது அவளுடைய உலகம். கவனிக்க வேண்டியது கதைசொல்லியின் குரலை. கிழவியின் சொல்லைக் கதைசொல்லியும் எடுத்துக்கொண்டால், அவளுடைய தீர்ப்பை நூலின் தீர்ப்பாகவே வாசகர் வாங்கிக்கொள்வார். கதைசொல்லி 'வன்புணர்ந்தனர்' என்று சொல்லி, பாத்திரம் 'கெடுத்தார்கள்' என்று சொல்லும்போது அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலேயே அந்தச் சமூகத்தைப் பற்றிய விமர்சனம் வந்துவிடுகிறது. தனியாக ஒரு பிரசங்கம் வேண்டியதில்லை.

காட்சியை எவ்வளவு எழுதுவது என்பதில், பாதிக்கப்பட்டவர் அறிந்ததையும் உணர்ந்ததையும் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பான எல்லை. அவர் உடலை வெளியே நின்று வருணிக்கத் தொடங்கும் வாக்கியம் யாருடைய கண்ணால் பார்க்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பாத்திரமாயின் காட்சியாக எழுதவே கூடாது. மாய உலகில் வயதுக் கணக்கு வேறு என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. நூலின் முதற்பக்கத்தில் 'இக்கதையில் வன்புணர்வு நிகழ்வு இடம்பெறுகிறது' என்று ஒரு வரி இருந்தால், படிப்பதா வேண்டாமா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

இறுதியாக வினைவடிவம். 'பெண்கள் கற்பழிக்கப்பட்டனர்' என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவன் எங்கும் இல்லை. 'படைவீரர்கள் வன்புணர்ந்தனர்' என்னும்போது எழுவாய் வந்து நிற்கிறது. மேலே வாச்சாத்தியைச் சொன்ன இடத்தில் 'வன்புணரப்பட்டனர்' என்று எழுதியது, செய்தவர்களை முந்தைய தொடரிலேயே பெயரிட்டுவிட்டதால். செய்தவனைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற தனிப்பெயர் இல்லை. வன்புணர்வாளன் போன்ற புதுச்சொற்கள் ஏதோ பதவிப் பெயர்போல ஒலிக்கின்றன. வன்புணர்ந்தவன் என்னும் வினையாலணையும் பெயரே போதும். செயல், அது நடந்துமுடிந்த காலம், செய்தவன் ஆகிய மூன்றும் அதிலேயே இருக்கின்றன.