ஏற்காட்டுப் பனிக்காலமும் புதிதாகக் கட்டிய விறகு அடுப்பும்

ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் ரொட்டிக்கும் பீட்சாவுக்கும் குவிமாட அடுப்பு கட்டித் தரும்படி எங்களை அழைப்பவர்களில் பலர், செப்டம்பரில் வேலையைத் தொடங்கி டிசம்பர் விடுமுறைக்குள் தீ மூட்ட விரும்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் அதையடுத்த மூடுபனியும் சரியாக அந்த மாதங்களில்தான் வருகின்றன.

குளிர்நாடுகளில், செங்கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் கட்டுமானம் பிளக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அடுப்பைக் கெடுப்பது ஈரம். காரையில் தங்கிய நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. ஈர அடுப்பில் முதல் நாளே பெருந்தீ மூட்டினால், வெளியேற வழியில்லாத அந்த ஆவி உட்புறத்தைச் சில்லுகளாகத் தெறிக்க வைக்கும்.

பாதுகாப்பு என்று நினைத்துப் பலரும் தார்ப்பாயை இறுகச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். காலையில் அதைத் தூக்கிப் பாருங்கள்: அடிப்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்து நிற்கும், சில வாரங்களில் செங்கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கும். நான்கு கால் நட்டு, சாரல் படாத அளவுக்கு இறவாணம் நீட்டிய தகரக் கூரை போடுவதே சரி. புகைபோக்கிக்கு மூடி வையுங்கள். அடுப்பு வாயைக் காற்றோட்டத்துக்காகச் சற்றே திறந்து விடுங்கள்.

காரை இறுகிய பின், காய்ந்த சில்வர் ஓக் சுள்ளிகளைக் கொண்டு நாளுக்குச் சில மணி நேரம் சிறு தீ மூட்டி, முதலில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியும் பிறகு நாளுக்கு 50 டிகிரி அளவிலும் சூட்டை ஏற்றுங்கள். அடுப்பு வாயருகே கண்ணாடித் துண்டைக் காட்டும்போது ஆவி படிந்தால், அன்றைய சூட்டிலேயே இன்னும் ஒருநாள் நிறுத்துவது நல்லது. ஒரு வாரம் மழையில் நனைந்த பழைய அடுப்புக்கும் இதே பொறுமை வேண்டும்.

சேலம் மேக்னசைட் என்ற கனிமத்துக்குப் பேர்போன ஊர் என்பதால், பழைய மேக்னசைட் செங்கல் மலிவாகக் கிடைத்தால் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உருக்காலை உலையின் சூட்டைத் தாங்கும் அந்தச் செங்கல், ஈரத்தை உறிஞ்சினால் பருத்து உதிர்ந்துவிடும். திறந்தவெளி அடுப்புக்கு ஃபயர் கிளே எனும் தீ தாங்கும் களிமண்ணால் ஆன செங்கல்லே ஏற்றது.

முதல் சூட்டில் முடியிழை அளவுக்கு விரிசல் விடுவது இயல்பு. அகன்ற விரிசலைச் சாதாரண சிமெண்டால் பூசாதீர்கள். 400 டிகிரிக்கு மேல் அது வலுவிழந்து, அடுத்த ஈரத்தில் வீங்கி உதிரும். அடுப்பு முழுவதும் ஆறிய பின் ஃபயர் கிளே காரையால் அடைத்து, அது காய்ந்ததும் மறுபடி சிறு தீயிலிருந்தே தொடங்குங்கள்.