அழைப்பிதழில் மிச்சம் பிடித்துப் பட்டியலில் கோட்டைவிடுபவர்கள்

போன வாரம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஏழு மாதம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் இரண்டு தனிநபர் கடன் பத்திரங்கள், ஒரு கிரெடிட் கார்டு பில். இருவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிறது. "ரொம்பச் சிக்கனமாகத்தான் சார் செய்தோம்" என்றார் கணவர். நம்பினேன். அழைப்பிதழுக்காக எட்டு அச்சகம் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மேடை அலங்காரத்தில் பேரம் பேசிப் பூவைக் குறைத்திருக்கிறார்கள், ஆல்பத்தில் பக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

எத்தனை பேரை அழைத்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "முதலில் 250 என்றுதான் நினைத்தோம். கடைசியில் 410 ஆகிவிட்டது."

இந்த "முதலில் நினைத்தோம்" கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடன் ஆலோசனை என் தொழில். எல்லாரும் கல்யாணம் முடிந்து ஆறேழு மாதம் கழித்துத்தான் என்னிடம் வருகிறார்கள். முன்னாலேயே வந்திருந்தால் அரை மணி நேர வேலை. இப்போது நாலு வருட வேலை.

கல்யாண பட்ஜெட் என்றால் பொருள்களின் விலைப்பட்டியல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பூ இவ்வளவு, உடை இவ்வளவு, போட்டோ இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கிள்ளி எடுத்தால் செலவு அடங்கிவிடும் என்று நம்பிக்கை. அடங்காது. பட்ஜெட்டை எழுதுவது விருந்தினர் பட்டியல்தான். அதில் கைவைக்காமல் வேறு எதில் கைவைத்தாலும் பொத்தல் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மொத்தச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழுக்கு அதில் 3 பங்கு. தெருத்தெருவாக அலைந்து பாதி விலைக்கு முடித்தாலும் மிச்சம் ஒன்றரை. சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் சேர்த்து 50 பங்கு போகிறது என்றால், பட்டியலில் ஐந்தில் ஒருவரைக் குறைத்தால் 10 பங்கு வரை மிச்சம். அதற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம். ஒரு பேனா போதும். அந்தப் பேனாவைத்தான் யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

கூடுதலாக வந்த அந்த 160 பேரை மறுபடியும் பாருங்கள். அவர்களுக்குச் சாப்பாடு மட்டும்தானே என்பார்கள். மேஜைக்குப் பத்துப் பேர் என்றால் 16 மேஜை. ஒவ்வொன்றுக்கும் நாற்காலி, விரிப்பு, பரிமாற ஆள். 300 பேர் கொள்ளும் இடம் போதாது, அடுத்த அளவு 500 பேருக்கானது என்றால் வாடகை சீராக ஏறாது, தாவும். பெரிய இடத்தில் சின்ன மேடை எடுபடாது, ஆகவே அலங்காரமும் பெரிசாகும். அப்புறம் ஒலிபெருக்கி, வண்டி நிறுத்த இடம், இரண்டாவது கேமரா, வெளியூர்க்காரர்களுக்கு அறை. பூவில் குறைத்தது எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா?

இதில் இன்னொரு சமாதானம் வேறு: "கூப்பிட்டால் எல்லாருமா வரப்போகிறார்கள்?" வராவிட்டாலும் பணம் போகும். பெரும்பாலான கேட்டரிங்காரர்கள் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்வார்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் அந்தத் தொகை கொடுத்தே ஆக வேண்டும். "அன்பளிப்பில் ஈடுகட்டிவிடலாம்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். பில் முன்னால் வரும், அன்பளிப்பு பின்னால் வரும். அப்படி வருவதும் பெரும்பாலும் நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது.

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹ்யூகோ மியாலோன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் கேட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்யாணச் செலவு கூடக்கூட மணமுறிவும் கூடியிருந்தது. ஆனால் விருந்தினர் அதிகம் வந்த கல்யாணங்கள் நீடித்திருந்தன. ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பட்டியலைக் குறை, குறை என்று கத்துகிற எனக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். அதனால் கூட்டம் வேண்டும் என்று பிரியப்படுபவர்களிடம் இப்போதெல்லாம் நான் சண்டை போடுவதில்லை. சரி, எல்லாரையும் கூப்பிடுங்கள், ஆனால் தலைக்கு ஆகும் செலவைக் குறையுங்கள் என்கிறேன். மாலையில் இரண்டு மணி நேரம், சிற்றுண்டியோடு எல்லாருக்கும் ஒரு வரவேற்பு. முழு விருந்து நெருங்கியவர்களுக்கு மட்டும். 400 பேரும் வேண்டும், 400 பேருக்கும் முழு விருந்தும் வேண்டும், கையில் 200 பேருக்கான பணம்தான் இருக்கிறது என்றால், மீதி 200 பேருக்கு விருந்து வைப்பது கடன் கொடுத்தவன்.

கடன் என்றதும் வட்டி எவ்வளவு என்று கேட்கிறார்கள், எந்த வகை வட்டி என்று கேட்பதில்லை. "10 சதவீதம்தான்" என்று வாங்கியிருப்பார்கள். அது மூன்று வருடமும் முழுத் தொகைக்கும் போடுகிற நிலையான வட்டியாக இருக்கும். அசல் மாதாமாதம் குறைந்தும் வட்டி குறையாது. குறைந்துவரும் நிலுவைக்குப் போடுகிற கணக்கில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்து மாதம் 3 சதவீதம் வட்டி ஏறினால், வருடத்துக்கு 36 என்று நினைக்க வேண்டாம். வட்டிக்கு வட்டி சேர்ந்து 42-ஐத் தாண்டும்.

தேதி குறித்துவிட்டவர்கள் தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள். யார் எவ்வளவு தருகிறார்கள் என்று இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து முதலில் பேசுங்கள். கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, தவணை கட்டும்போது வருகிற கூச்சத்தைவிட இது குறைவு. அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் பட்ஜெட் என்று சொல்லுங்கள். பிறகு பட்டியல். அதற்கும் பிறகுதான் இடம். இடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆட்களை எண்ண உட்காராதீர்கள். பெரிய இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகவே பட்டியலை நிரப்பிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்: தேதி மாறினால் என்ன, ரத்தானால் எவ்வளவு திரும்பும், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு தலைக்கு எவ்வளவு, வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா. வாய்ப்பேச்சு வேண்டவே வேண்டாம். செலவுக்குச் சரி சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். கடைசி ஒரு மாதத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். "இதுதானே, கூட ஒரு சின்ன விஷயம்" எல்லாம் அந்த மாதத்தில்தான் நுழையும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வுக்கால சேமிப்பில் கைவைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணக் கடன் கிடைக்கும். உங்கள் முதுமைக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

வந்த தம்பதிக்கு கார்டு பாக்கியை முதலில் அடைக்க வழி சொல்லி அனுப்பினேன். கிளம்பும்போது அந்தப் பெண், தங்கைக்கு அடுத்த வருடம் கல்யாணம், அழைத்து வரட்டுமா என்று கேட்டார். வரச் சொன்னேன், பட்டியலோடு.