பச்சைச் சோகையும் வைனில் ஊறிய இரும்பும்

ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில், பாரிஸ் என்ற பிரபுவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஜூலியட் சொன்னதும், பச்சைச் சோகை பிடித்த பிணமே என்று அவள் அப்பா திட்டுகிறாரே, அது வெறும் வசவா? அப்படி ஒரு நோய் இருந்ததா?"

இருந்தது. 1590களில் ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தைப் பார்க்க வந்த லண்டன்காரர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த நோய். வயதுக்கு வந்த, மணமாகாத பெண்களுக்கு வருவது என்று நம்பினார்கள். 1554-ல் வெளியான ஒரு கடிதத்தில் ஜெர்மனிய மருத்துவர் யோஹன்னஸ் லாங்கே அதை விவரிக்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெற்றிப்பொட்டு துடிக்கிறது, இறைச்சியைக் கண்டால் குமட்டுகிறது, இரவில் கணுக்கால் வீங்குகிறது. நண்பரின் மகளுக்காக எழுதிய கடிதம் அது. அவர் சொன்ன மருந்து, சீக்கிரம் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்பது.

வெளியேற வேண்டிய ரத்தம் கெட்டியாகிக் கருப்பையருகே அடைத்துக்கொண்டு, திரும்பி இதயத்துக்கு ஏறுகிறது என்பது அன்றைய விளக்கம். தாம்பத்தியம் அந்த அடைப்பைத் திறக்குமாம். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் படித்தால் மனம் பதறுகிறது. பதினான்கு வயதுகூட நிறையாத பெண்ணை மிரட்டும் தகப்பன், மிரட்டலையே மருத்துவமாகவும் ஆக்கிவிடுகிறான்.

பச்சைச் சோகை என்று அன்று சொன்னதெல்லாம் ஒரே நோயாக இருந்திருக்காது. ஆனால் லாங்கேயின் பட்டியலை இன்று எந்த நர்ஸிடம் காட்டினாலும், முதலில் ஹீமோகுளோபின் பார்க்கலாம் என்பார். சிவப்பணுவில் இரும்பைத் தாங்கியிருக்கும் புரதம் அது; இரும்பு குறைந்தால் அதுவும் குறையும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. நம் உடல் இரும்பைக் கையாளும் விதம், ஒரு சிக்கனக்காரப் பாட்டி வீடு நடத்துவதைப் போன்றது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உழைக்கும். அப்புறம் மண்ணீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் அதைப் பிரித்து, இரும்பை எடுத்து எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. புது ரத்தத்துக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பில் பெரும்பகுதி இப்படிப் பழையதிலிருந்தே வருகிறது. சாப்பாட்டிலிருந்து உள்ளே போவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

ஏன் இத்தனை கறார்? மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடலுக்குத் தனி வழி கிடையாது. அதனால் காவல் முழுவதும் வாசலில். குடல் செல்லுக்குள் வந்த இரும்பு, ஃபெரோபோர்ட்டின் என்ற கதவு வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக முடியும். கையிருப்பு நிறைந்திருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அனுப்பி அந்தக் கதவையே கழற்றிவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட இரும்பு, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். கையிருப்பு குறைந்தாலோ ஹெப்சிடின் வற்றிவிடும், கதவுகள் திறந்துகொள்ளும். எத்தனை அழகான ஏற்பாடு!

ஆனால் கதவு திறந்திருந்தும் தட்டில் இரும்பு இல்லையென்றால்? ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகும். வளரும் வயது, மாதவிடாய், சத்தில்லாத சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் கணக்கு உதைக்கும். அன்றைய மருத்துவர்களோ அடைப்பைத் திறப்பதாகச் சொல்லிக் கணுக்காலில் கீறி ரத்தமும் எடுத்தார்கள். 300 மில்லிலிட்டர் எடுத்தால் 150 மில்லிகிராம் இரும்பு போச்சு. அதைச் சாப்பாட்டில் மீட்க மாதக்கணக்கில் ஆகும். கல்யாண மருந்து இன்னும் மோசம். ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளை வைனில் ஊறவைத்துக் கொடுத்தார். களைத்த ரத்தத்துக்கு உசுப்பேற்றுகிறோம் என்றுதான் அவர் நினைத்தார். உண்மையில் வைனின் புளிப்பு இரும்பைக் கரைத்து, குடல் எளிதாக உறிஞ்சும் ஃபெரஸ் வடிவத்துக்கு மாற்றியிருக்கும். காரணம் தெரியாவிட்டாலும் மருந்து சரி. அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை. மருந்து இரும்பு ரத்தத்தில் சேருவதே இல்லை என்று வாதிட்டவர்களுக்கு, 1893-ல் எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் பதில் சொன்னார். தோலுக்கடியில் ஊசி போட்டு இரும்பைச் செலுத்தியும் பெண்கள் தேறியதைக் காட்டினார்.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இந்த நிலையிலும் "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சு ஓயவில்லை. மாதவிடாய் பற்றிய ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பச்சைச் சோகைப் பெண்கள் சுண்ணாம்பும் கரியும் தின்றதாகப் பழைய மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இரும்பு குறைந்தால் இப்படி ஆசை வருவதுண்டு. என் அக்கா எட்டாம் வகுப்பில் பல்பம் தின்பாள். பாவாடை மடிப்பில் ஒளித்துவைத்து, ராத்திரி போர்வைக்குள் நறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்கும். அம்மா அடித்துப் பார்த்தார், விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டீயோடு வேண்டாம், எலுமிச்சைச் சாற்றோடு போடு என்றார். கொஞ்ச நாளில் அக்கா மிச்சப் பல்பங்களை என் பைக்குள் போட்டுவிட்டாள், எழுதிக்கொள்ளச் சொல்லி.